பதினொரு பேரும் ஒரு பேச்சாளனும்

மேடையில் நின்று எத்தனை பேரை அழ வைத்தேன் என்பதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தவன் நான். குற்றத்தை ஒப்புக்கொள்ளத் துணிந்தவன் முதலிலிருந்தே தொடங்குவதுதான் முறை என்பதால் இதைச் சொல்கிறேன். மாகாண மட்ட விவாதப் போட்டியில் வென்ற நாளுக்கு நேரே, ‘நடுவர் ஒருவர், கைக்குட்டையுடன்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த நடுவருக்கு அன்று கடும் சளி என்பது பின்னர் தெரிய வந்தது. (குறிப்பைத் திருத்தவில்லை. சளிக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும் அல்லவா?)

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். போர்நிறுத்தக் காலம் அது. இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் அடையாள அட்டை கேட்பவர்கள்கூடச் சிரித்த முகத்துடன் கேட்டார்கள். கஹவத்தைக்கு அருகே எங்கள் தோட்டத்தில், அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கவும் அப்பா ரப்பர் பால் வெட்டவும் போய்விட்ட பிறகு, நான் கண்ணாடியின் முன் நின்று ‘அவைத்தலைவர் அவர்களே’ என்று தொடங்குவேன். கண்ணாடி எப்போதும் என் கட்சியையே ஆதரித்தது.

அந்த நாட்களில்தான் சரோஜா டீச்சர் என்னை அழைத்தார்.

நான் படித்த பாடசாலையில், நீண்ட கட்டடத்தின் கோடியில் ஓர் அறை உண்டு. வாசலில் ‘விசேட கல்வி அலகு’ என்று எழுதியிருக்கும். எங்கள் வாயில் அது ‘கடேசி ரூம்’. காது கேளாதவர்கள், பார்வை குறைந்தவர்கள், கால் சூம்பியவர்கள், படிப்பு மெதுவாக ஏறுபவர்கள் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அந்த அறையைப் பல ஆண்டுகளாகத் தனியொருத்தியாக நடத்தி வந்தவர் சரோஜா டீச்சர். அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பாடசாலைக்குக் கணினிகள் வரவிருந்தன. அவற்றை வைக்க இடம் வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இந்த அறையில் படித்து வெளியேறியவர்கள் இப்போது மேலே படிக்கிறார்களா, தொழில் செய்கிறார்களா என்று காட்டினால் அலகு நீடிக்கும். காட்டாவிட்டால் அறை கணினிக்கு, பிள்ளைகள் வீட்டுக்கு.

டீச்சரிடம் பதினொரு பெயர்கள் இருந்தன. பழைய முகவரிகளும் இருந்தன. வகுப்பை விட்டு அவரால் அசைய முடியாது.

“தம்பி, நீ நல்லா பேசுவ. தெரியும். ஆனா இது பேசுற வேல இல்ல, கேக்குற வேல. வெளங்குதா?” என்றார்.

விளங்கியது என்பதைக் காட்டுவதற்காக, செவிமடுத்தலின் மாண்பு பற்றிப் பத்து நிமிடங்கள் பேசினேன். டீச்சர் இடையில் இரண்டு தடவை வாய் திறந்தார். வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆளுக்கொரு படிவம். அதில் மூன்று கட்டங்கள்: படிக்கிறார், தொழில் செய்கிறார், இரண்டும் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் நான்காவதாக, ‘சந்திக்க இயலவில்லை’. அந்த நான்காவது கட்டத்தைக் கண்டதுமே எனக்கு இளக்காரம் வந்தது. மாகாணச் சாம்பியன் ஒருவன் ‘இயலவில்லை’ என்று எழுதுவதா?

இன்னொரு குற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிவத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே என் பேச்சு எழுதி முடிந்திருந்தது. கல்வி அலுவலகத்தார் வரும் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப் போகிறவன் நான்தான் என்று கேள்விப்பட்ட கணமே, ‘வாடும் மலர்கள் பதினொன்று’ என்ற தலைப்பில் ஆறு பக்கங்கள் தயார். பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். இனிப் பேச்சுக்கேற்ற உண்மைகளைச் சேகரிப்பதுதான் பாக்கி.

வெள்ளை நீளக்கைச் சட்டை, அப்பாவின் கலியாணக் கழுத்துப்பட்டி, மினுக்கிய சப்பாத்து. இந்தக் கோலத்தில் முதலாவது தோட்டத்தில் இறங்கியபோது மணி பத்து. நான்கு லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கதவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு நாய் என்னைப் பார்த்துவிட்டு, குரைக்கும் தகுதி எனக்கு இல்லையென்று முடிவு செய்து மறுபடியும் படுத்தது. ‘வறுமை அடைத்த வாயில்கள்’ என்று குறிப்பெடுத்தேன். திறந்திருந்தது பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைகள் காப்பகம் ஒன்றுதான். அங்கே தொட்டில்களுக்கு நடுவே ஆயாம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

“யாருங்க? கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?”

“ஆய்வொன்றின் நிமித்தம் வந்திருக்கிறேன், அம்மா. செல்வி மகேஸ்வரி இங்கேதான் வாழ்கிறாரா?”

“வாழ்றா, வாழ்றா. ஆறாம் நம்பரு. ஆனா இப்ப ஆளு இருக்காதுங்களே. அவ காலையிலயே...”

விவாத மேடையில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம், எதிரணியின் வாக்கியம் முடிவதற்குள் உன் மறுப்பைத் தொடங்கிவிடு என்பது. வலது கையை உயர்த்தினேன்.

“போதும், அம்மா! சொல்ல வேண்டாம். உங்கள் கண்ணீரே சொல்கிறது.”

“எனக்கென்னங்க கண்ணீரு? ஈர வெறகு, பொகையிது. நான் என்ன சொல்ல வந்தேன்னா, அவ காலையிலயே...”

“துயரத்தை மறைக்காதீர்கள். சமுதாயம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.”

ஆயாம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தொட்டிலில் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, “பாவம், நல்லா உடுத்தியிருக்காரு” என்று அதனிடம் சொன்னார். நான் ‘இரண்டும் இல்லை’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன்.

இரண்டாவது பெயர் யோகராணி. காது கேளாதவள், பேச்சும் வராது. அவள் வீட்டில் இருந்தாள். பூட்டிய கதவுகளுக்கு நடுவே அந்த ஒரு கதவு மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். (காது கேளாதவளின் கதவைத் தட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன் என்பதை எழுத இப்போதும் கூசுகிறது.) கடைசியில் சன்னல் வழியாகக் கையை விட்டுக் கட்டிலை ஆட்டியபோதுதான், சன்னலோரம் படுத்திருந்தவள் அலறிப் புடைத்து எழுந்து வந்தாள். கலைந்த தலை, சிவந்த கண். நான் என் கேள்விகளைத் தெளிவாக, உரத்து, ஏற்ற இறக்கத்துடன் கேட்டேன். அவள் என் கைகளையே பார்த்தாள். விவாதப் பேச்சாளனின் கைகள் எதையும் சொல்வதில்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது போலும், சிரித்தாள். பிறகு தன் இரு கைகளாலும் எதையோ அள்ளி, பரப்பி, புரட்டிக் காட்டினாள். கன்னத்தில் கைவைத்துத் தூங்குவதாகக் காட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எழுதினேன்: ‘பகலெல்லாம் படுக்கையே கதி. மண்ணை அள்ளித் தூற்றித் தன் விதியைச் சபிக்கிறாள்.’ இரண்டும் இல்லை.

மூன்று நாட்கள் இப்படியே நடந்தன. போன இடமெல்லாம் பூட்டு. பூட்டுக்குப் பூட்டு ஒரு சரி அடையாளம். பட்டியலில் கடைசிப் பெயர் சந்திரன். அவன் லயம் மலையுச்சியில், மழையில் நனைந்த பாதைக்கு மேலே இருந்தது. பாதையின் தொடக்கத்திலேயே இரண்டு அட்டைகள் என் சப்பாத்தின் மீது ஏறின. நான் மலையைப் பார்த்தேன், சப்பாத்தைப் பார்த்தேன், பத்துப் பேருக்கு இருந்த நிலை பதினொன்றாமவனுக்கு மட்டும் மாறிவிடுமா என்று தர்க்கரீதியாக ஆராய்ந்தேன். அடிவாரத்தில் நின்றே சரி அடையாளம் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

“பாரத்த காட்டு தம்பி” என்று டீச்சர் படிவங்களைக் கேட்டார்.

“மேடையில் கேளுங்கள், டீச்சர்” என்றேன். பெரிய பேச்சாளர்கள் தம் உரையை முன்கூட்டிக் காட்டுவதில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தோட்டத்துக்கு லீவு நாள் என்பதால் டீச்சர் சொல்லியனுப்பிய பழைய மாணவர்களும் பெற்றோரும் வந்து பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். கடேசி ரூமில் அப்போது படித்த பிள்ளைகள் முன்வரிசைத் தரையில், தலைவாரிப் பொட்டிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பாடசாலை அதிபரும், அவர் அருகே கல்வி அலுவலகப் பணிப்பாளரும் இருந்தார்கள். பணிப்பாளர் சிங்களவர், தமிழ் ஓரளவு விளங்கும். ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த முகத்தோடு கையில் பேனையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி, வழக்கம்போல செட்டுக் குமாருடையது. கலியாணம், கோயில் திருவிழா, விவாதப் போட்டி எதுவானாலும் கஹவத்தைப் பக்கத்தில் அவர் செட்தான். பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, “தம்பி, மைக்க வாய்க்குள்ள போட்டுக்காதீங்க. ஒரு சாண் தள்ளி” என்றார். என் ஒவ்வொரு மேடையிலும் அவர் சொல்லும் வாசகம் அது.

நான் தொடங்கினேன்.

“அவைத்தலைவர் அவர்களே! பதினொரு மலர்களைத் தேடிப் புறப்பட்டேன். பதினொரு பூட்டுகளைக் கண்டேன்! மகேஸ்வரி எங்கே? எவருக்கும் தெரியாது. அவளைப் பற்றிக் கேட்டால் மூதாட்டிகள் கண்ணீர் வடிக்கிறார்கள்!”

பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. விம்மல் என்று எடுத்துக்கொண்டேன்.

“யோகராணியோ பகலெல்லாம் படுக்கையில் கிடக்கிறாள்!”

சலசலப்பு பெருத்தது. ஒரு பெண் எழுந்து நிற்பதும், பக்கத்திலிருந்தவர் அவளை இழுத்து உட்கார வைப்பதும் தெரிந்தன. நாட்குறிப்பில் இன்று ஒரு பக்கம் போதாது என்று எண்ணிக்கொண்டேன். மலருக்கு மலர் சோகம் ஏற, சிகரத்தில் நின்று, பணிப்பாளரின் நெஞ்சையும் தொட வேண்டுமென்று, மனப்பாடம் செய்துவைத்திருந்த சிங்கள வாக்கியத்தை முழங்கினேன்: “எக்கெனெக்வத் ரஸ்ஸாவக் கரன்னே நெஹே!” ஒருவர்கூட வேலை செய்யவில்லை!

பணிப்பாளரின் பேனை நின்றது. அவர் நிமிர்ந்து, உண்மையான குழப்பத்துடன் என்னைக் கேட்டார்:

“எஹெனங் மே காமரே மொகடத?”

அப்படியானால் இந்த அறை எதற்கு?

இத்தனை ஆண்டுகள் படிப்பித்தும் ஒருவருக்குமே பயனில்லை என்றால் கணினியாவது வைக்கலாமே என்று அவர் அதிபரிடம் சிங்களத்தில் சொல்வது என் காதில் விழுந்தது. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் தரையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னிருந்த ஒரு சிறுமி, ஏதோ நல்லது நடக்கிறதென்று நினைத்துக் கைதட்டினாள். மூன்று நாள் அலைந்து, கழுத்துப்பட்டி கட்டி, ஆறு பக்கம் எழுதி, எதிரணியின் வாதத்தை எதிரணியைவிடச் சிறப்பாக நானே முன்வைத்திருந்தேன்.

எந்த அறிவுள்ளவனும் அங்கே நிறுத்தியிருப்பான். நான் சாம்பியன். சோகம் போதவில்லை என்று முடிவு செய்தேன்.

“இல்லை, ஐயா! முத்துக்குமாரை எண்ணிப் பாருங்கள்! ஒரு கால் சூம்பிய அந்த இளைஞன்! அவன் இன்று எந்த மூலையில், எந்த இருளில், யார் கண்ணிலும் படாமல்...”

மைக் செத்தது.

“இந்த மூலையிலதாங்க” என்று பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

செட்டுக் குமார் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். எத்தனையோ மேடைகளில் என் குரலை ஊருக்கெல்லாம் கொண்டு சேர்த்தவர். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அவருக்கு முழுப்பெயர் ஒன்று இருக்கும் என்றுகூட நான் நினைத்ததில்லை.

“மம தமாய் முத்துக்குமார், சேர்” என்றார் பணிப்பாளரைப் பார்த்து, என்னுடையதைவிடப் பன்மடங்கு நல்ல சிங்களத்தில். “அத செட் எக்க மகே.” நான்தான் அந்த முத்துக்குமார், இன்றைய செட் என்னுடையது. பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, மூணு வருசமா ஒங்களுக்கு மைக்கு வைக்கிறேன். போன மாசங்கூட ஒங்க பேச்சுக்கு எக்கோ போட்டுத் தந்தேன். இருட்டுல கெடக்குறவனா நானு?”

அணை உடைந்தது. எழுந்து அமர வைக்கப்பட்ட அந்தப் பெண் மறுபடியும் எழுந்தாள்.

“ஏங்க, எம்மக ராத்திரி பூரா ஸ்டோருல கொழுந்து வாட்டுறா! விடிஞ்சு வந்து படுத்தவள சன்னல்ல கைய விட்டு எழுப்பிட்டு, படுத்தே கெடக்குறாளாம்ல?” அவள் பக்கத்தில் யோகராணி, நடப்பது விளங்கி, அள்ளிப் பரப்பிப் புரட்டும் அதே சைகையைச் சபைக்கே செய்து காட்டினாள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பும் கைகள் அவை என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் அப்போது தெரிந்தது.

“நான் பால் வெட்டப் போயிருந்தேன். ஆயாம்மாட்ட கேட்டா சொல்லியிருக்குமே?” என்றாள் ஒருத்தி. மகேஸ்வரி.

“நான் சொல்ல வந்தேன்டி! சொல்ல விட்டாரா?” என்றது புகைந்து கரகரத்த குரல். ஆயாம்மாவும் வந்திருந்தார்.

பணிப்பாளர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதையும் கைவிட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபின் அவர் சொன்னது மட்டும் சிரிப்பாக இல்லை. கூச்சல்களை அவர் கோப்பில் சேர்க்க முடியாது. இரண்டு வாரம் தருவார். ஒவ்வொருவரும் எங்கே என்ன செய்கிறார் என்பதை, வேலை கொடுப்பவரின் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். தவறினால் அறை கணினிக்கு.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். (முழுவதும் அல்ல. மீதி எனக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.) அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

“டேய், நீ லயத்துல பொறந்தவன்தானே? காலையில பத்து மணிக்கு என்னய இந்தக் காம்பராவுல பாத்திருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பது ஆண்டுகளில், காய்ச்சல் வந்த ஒரு நாளைத் தவிர, இல்லை.

“அப்ப எனக்கும் வேல இல்லன்னுதானே எழுதியிருப்ப?”

மறுநாள் விடிகாலையில் குமார் அண்ணன் ஆட்டோவோடு வந்து நின்றார். டீச்சர் அனுப்பியிருந்தார். நிபந்தனை எளியது: கேட்பது அவர், எழுதுவது நான், என் வாய் சாப்பிட மட்டும். வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கலைவதற்கு முன்பே போய் நின்றோம். கங்காணிகள் கையெழுத்திட்டார்கள். நான் அமைதியாக நிற்பதைப் பார்த்த ஒரு கங்காணி, “தம்பிக்கும் பேச்சு வராதா? பதிஞ்சிட்டீங்களா?” என்று பரிவோடு கேட்டார். குமார் அண்ணன், “இப்பத்தான் கொஞ்சம் கொணமாகி வருது” என்றார்.

பதினொரு பேரில் எட்டுப் பேர் வேலையில் இருந்தார்கள். ஒருத்தி இரத்தினபுரியில் தையல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கலியாணமாகி, வேறு தோட்டத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். மிச்சம் மலையுச்சிச் சந்திரன்.

ஊன்றுகோலோடு குமார் அண்ணன் அந்தப் பாதையில் ஏறினார். சப்பாத்தை ஆட்டோவில் விட்டுவிட்டு நான் பின்னால் ஏறினேன். வெளியே போக வழியின்றி, உண்மையிலேயே வீட்டில் இருந்த ஒரே ஒருவன் அவன். பிறவியிலேயே கையும் காலும் இறுகியவன். ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்துத்தான் வரும்.

“டீச்சர்... சொல்லி விட்டாங்க. சார்... வருவாருன்னு. மூணு நாளும்... நல்ல சட்ட... போட்டுகிட்டு... உக்காந்திருந்தேன்.”

குமார் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“என்னா செய்ய விருப்பம், சந்திரன்?” என்று நானே கேட்டேன். நிபந்தனையை மீறித்தான். அவன் பதில் சொல்ல நெடுநேரம் எடுத்தான். நடுவே இரண்டு இடங்களில் அந்த வாக்கியத்தை என்னால் முடித்துக்கொடுத்திருக்க முடியும். உதட்டைக் கடித்துக்கொண்டேன். அது நன்மைக்கே, நான் நினைத்த இரண்டு முடிவுகளுமே பிழை. வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று அவன் கேட்பான் என நினைத்தேன். அவன் கேட்டது, லயத்தை விட்டு வெளியே போய்ச் செய்யும் ஒரு வேலை. என்ன வேலையானாலும் பரவாயில்லை, வெளியே. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். அந்த ஓரத்தை டீச்சர் சிவப்புப் பேனையால் கோடிட்டு, அடுத்த ஆண்டு அவனை இரத்தினபுரியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

படிவங்கள் போய்ச் சேர்ந்த மாதம் கடிதம் வந்தது. அலகு நீடிக்கும். கணினிகள் அதிபரின் அறைக்குப் போயின. அதிபர் நீண்ட காலம் என்னோடு பேசவில்லை.

எங்கள் வீட்டில் அதன் விளைவு இன்றுவரை தீரவில்லை. நான் எங்கே போனாலும், யார் வந்து கேட்டாலும், அம்மா தலையை நீட்டி, “அவன் வீட்டுல இல்லீங்க. வேல இல்லன்னு எழுதிக்கங்க” என்பார். பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களிடமும் சொன்னார். கலியாணம் எப்படியோ நடந்தது. என் மனைவி தாலியோடு சேர்த்து அந்த வாக்கியத்தையும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள், நான் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த நேரம், அரசாங்கக் கணக்கெடுப்புக்கு விவரம் பதிய ஓர் இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறார். மனைவி பழக்க தோஷத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பை எதிர்பார்த்து நின்றிருக்கிறாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, ஆசிரியத் தொழிலில் தலை நரைத்துக்கொண்டிருக்கும் நான் ஏதோ ஓர் அரசாங்கக் கோப்பில் வேலையற்றவன். போய்த் திருத்திவிட்டு வரலாம் என்று பல தடவை புறப்பட்டேன். நான் அதற்காக வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து இன்னொருவர் வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வது என்று மனைவி கேட்கிறாள்.